ஷிப் ஆன்ட்டி

எங்கள் வீட்டில் அவருக்கு ஷிப் ஆன்ட்டி என்று பெயர். ஒரு நாள் வரை அவர் முன்னால் அந்தப் பெயரை யாரும் சொன்னதில்லை. ஒளித்து வைக்க வேண்டும் என்றெல்லாம் நினைக்கவில்லை. அவர் வீட்டுக்கு வந்தால் பேசுவது அவராகத்தான் இருக்கும். அவரைக் கூப்பிட வேண்டிய அவசியமே எங்களுக்கு வந்ததில்லை.

அமெரிக்காவில் வெஸ்ட் வின்ட்சர் என்ற ஊரில் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் எங்களுக்கு இடப்பக்கம் அவருடைய வீடு. அப்பா காலையில் பிரின்ஸ்டன் ஜங்ஷனில் ரயில் ஏறி நியூயார்க் போய் கம்ப்யூட்டர் வேலை பார்த்துவிட்டு இருட்டிய பிறகு திரும்புவார். அம்மா கோயம்புத்தூரில் இயற்பியலில் எம்.எஸ்ஸி. முடித்தவர். ஆனால் அப்பாவின் விசாவோடு ஒட்டிக்கொண்டு வந்த விசா அவருடையது. அதை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் சமைக்கலாம், கார் ஓட்டலாம், கோயிலுக்குப் போகலாம். வேலை மட்டும் பார்க்கக் கூடாது. எனக்குப் பத்து வயது. தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் சொல்வதுதான் கௌரவம் என்று நினைக்கத் தொடங்கியிருந்தேன்.

அவரைக் கண்டுபிடித்தது அம்மாதான். இலை உதிர்கிற பருவம். பள்ளிப் பேருந்திலிருந்து இறங்கி நான் வந்தபோது பக்கத்து வீட்டு வாசலில் நீளமான பழைய கார் ஒன்று பின்கதவு திறந்து நின்றது. உயரமான கறுப்பினப் பெண்மணி ஒருவர், நரையோடிய முடியை ஒட்ட வெட்டியிருந்தவர், அதிலிருந்து பாட்டில்கள் அடுக்கிய பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தார். அவர் உள்ளே போக வசதியாக அம்மா கராஜ் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். பாட்டில்களில் என்ன என்று அம்மா கேட்டார். அட்லாண்டிக் என்றார் அவர். ஒவ்வொரு பாட்டிலிலும் ஒவ்வோர் ஆழத்துத் தண்ணீர் இருந்தது. அவருடைய ஆய்வகத்தில் கூரையைப் பிரித்து ஏதோ வேலை நடந்ததால் அந்த வாரம் மட்டும் கடல் வீட்டுக்கு வந்திருந்தது.

கீழே இருக்கிற தண்ணீர் கனமாக இருப்பது குளிராலா, உப்பாலா என்று அம்மா கேட்டார். அவர் தூக்கியிருந்த பெட்டியைத் திரும்பக் காருக்குள் வைத்துவிட்டு, "நீங்கள் எங்கே படித்தீர்கள்?" என்றார். அமெரிக்காவுக்கு வந்ததிலிருந்து அம்மாவிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கணவர் எங்கே வேலை பார்க்கிறார் என்றுதான் எல்லாரும் கேட்பார்கள்.

அதன் பிறகு சனிக்கிழமை மதியங்களில் அவர் எங்கள் வீட்டுக்கு வருவது வழக்கமாயிற்று. கப்பலில் போகாத சனிக்கிழமைகளில் என்று சொல்ல வேண்டும். அம்மா போடும் ஃபில்டர் காபியைச் சர்க்கரை இல்லாமல் குடிப்பார். அவர் பேசியது முழுக்க ஆங்கிலம்தான். ஆனால் இரவுச் சாப்பாட்டின்போது அம்மா அதையெல்லாம் அப்பாவிடம் தமிழில் திருப்பிச் சொன்னதால், என் நினைவில் அவர் கோயம்புத்தூர்த் தமிழ்தான் பேசுகிறார். அதை அப்படியே எழுதினால் சிரிப்பு வரும்; பொதுத் தமிழில் எழுதுகிறேன்.

அவர் தெற்கே வளைகுடாக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் பிறந்தவர். அவருடைய அப்பா இறால் படகுகளில் சரக்கு இறக்கினார். வீட்டிலிருந்து பார்த்தால் கடல் தெரியும். ஆனால் நல்ல மணல் இருந்த பக்கம் வெள்ளைக்காரர்களுக்கு. இவர்கள் கால் வைக்க அனுமதித்த இடத்தில் ஆற்றுச் சேறு வந்து கலந்தது. சேற்றுத் தண்ணீரும் நீலத் தண்ணீரும் ஒரு கோடு போட்டதுபோல நெடுந்தூரம் கலக்காமல் கிடந்ததை அங்கே நின்றுதான் அவர் பார்த்தாராம். "நல்ல மணலில் குளித்தவர்கள் யாருக்கும் அந்தக் கோடு தெரிந்திருக்காது" என்பார். வருத்தமாகச் சொல்லமாட்டார். சீட்டாட்டத்தில் நல்ல சீட்டு தனக்கு வந்ததைச் சொல்வதுபோலச் சொல்வார்.

கறுப்பின மாணவர்களின் கல்லூரியில் கணிதம் படித்தார். பிறகு கடல் அறிவியல் படிக்க வடக்கே வந்தார். வகுப்பில் பெண் அவர் ஒருவர்தான், கறுப்பினத்தவரும் அவர் ஒருவர்தான். ஒரே நாற்காலியில் இரண்டு குறையையும் முடித்துவிட்டார்கள் என்று சிரிப்பார். படிக்க விட்டார்கள், பரீட்சை எழுத விட்டார்கள், கப்பலில் மட்டும் ஏற விடவில்லை. கப்பலில் பெண்களுக்குத் தனி பாத்ரூம் இல்லை என்பது காரணம். இதைக் கேட்டபோது நான் விழுந்து விழுந்து சிரித்தேன். இவ்வளவு பெரிய கடலைச் சுற்றி வருகிற கப்பலில் ஒரு பாத்ரூம் கட்ட ஆள் இல்லையா என்று கேட்டேன். அவரும் சிரித்து, அதைத்தான் தானும் கேட்டதாகச் சொன்னார்.

ஆகவே பல வருடங்கள் அவர் கரையில் உட்கார்ந்துகொண்டே கடலைப் படித்தார். ஆண்கள் போய் அளந்து வந்த எண்களை அவரிடம் கொடுப்பார்கள். அப்படி ஒருமுறை வந்த கணக்கில், ஒரு குறிப்பிட்ட ஆழத்துக்குக் கீழே தண்ணீர் இருக்க வேண்டியதைவிடக் குளிர்ந்திருந்தது. கருவி கோளாறு என்று எல்லாரும் அந்தப் பக்கத்தைத் தள்ளி வைத்தார்கள். இவர் மட்டும், கருவி சரி, அங்கே நமக்குத் தெரியாத ஓர் ஓட்டம் இருக்கிறது என்றார். கப்பலையே பார்த்திராத பெண் கடலுக்கடியில் ஆறு ஓடுகிறது என்கிறாள் என்று பேசிக்கொண்டார்கள். அடுத்த பயணத்தில் அந்த இடத்தில் மறுபடி அளந்து பார்க்க வேண்டும், அளக்கும்போது தானும் கூட இருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். கடைசியில் நோயாளிகளுக்கான சின்ன அறையை அவருக்கு ஒதுக்கிக் கப்பலில் ஏற்றினார்கள். வழியெல்லாம் வாந்தி. ஆனால் ஆறு அவர் சொன்ன இடத்தில்தான் ஓடியது.

"பயமாக இல்லையா? ஒருவேளை அங்கே இல்லாமல் போயிருந்தால்?" என்று அம்மா கேட்டார்.

"கணக்கை நான்தானே போட்டேன்" என்றார் அவர்.

அம்மா இந்தப் பதிலை அப்பாவிடம் ஒரு வாரத்தில் பலமுறை சொன்னார். நாங்கள் பழகிய காலத்தில் அவர் அந்த ஆய்வகத்தில் கப்பல் பயணங்களுக்குத் தலைமை விஞ்ஞானி. எங்கே நிறுத்துவது, எதை இறக்குவது, எப்போது திரும்புவது, எல்லாம் அவர் சொல்படி. கறுப்பினப் பெண் ஒருவர் அந்த இடத்துக்கு வந்தது அங்கே அதுதான் முதல் தடவை.

எனக்கு அவர் ஒரு கோப்பை கொடுத்திருந்தார். சாதாரணத் தெர்மகோல் காபிக் கோப்பை. பயணத்துக்கு முன்னால் என்னிடம் கொடுத்து, பேனாவால் என் பெயரை எழுதித் தரச் சொன்னார். அதைக் கருவிகளோடு சேர்த்துக் கட்டி ஆழ்கடலில் இறக்கினார்களாம். திரும்பி வந்தபோது அது தண்ணீரின் அழுத்தத்தில் என் கட்டைவிரல் அளவுக்குச் சுருங்கி, கல் மாதிரி இறுகியிருந்தது. என் பெயரும் கூடவே சுருங்கி எறும்பெழுத்தாக இருந்தது. வகுப்பில் அதைக் காட்டி நான் சம்பாதித்த புகழ் கொஞ்சமல்ல.

அந்த வருடம் தமிழ்ச் சங்கத்துப் பொங்கல் விழாவுக்குச் சிறப்பு விருந்தினராக அவரைக் கூப்பிடலாம் என்று அம்மா சொன்னார். சங்கத்தின் தலைவர் சென்னைக்காரர்; சொந்தமாக சாஃப்ட்வேர் கம்பெனி வைத்திருந்தவர்; நாங்கள் குழந்தைகள் பிரசிடென்ட் அங்கிள் என்போம். அவர் எங்கள் வீட்டு சோஃபாவில் உட்கார்ந்து, அம்மா சொன்னதை முழுக்கப் பொறுமையாகக் கேட்டார். பிறகு தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"நல்ல ஐடியாதான். ஆனா சீஃப் கெஸ்ட்னா ஒரு லெவல் பாக்கணும் இல்லையா? டவுன்ஷிப் மேயர கேட்டுப் பாக்கலாம், இல்லாட்டி யாராவது ஹார்ட் சர்ஜன். நம்ம ஜனங்க கொஞ்சம் கம்ஃபர்டபிளா ஃபீல் பண்ணணும், அதுக்குத்தான் சொல்றேன்."

ஒரு விஞ்ஞானி வந்தால் நம் ஜனங்களுக்கு உட்காருவதில் என்ன சிரமம் என்று எனக்கு விளங்கவில்லை. நாற்காலிகள் பற்றிப் பேசுகிறார் என்று நினைத்தேன்.

"அவங்க லெவலுக்கு நம்ம ஃபங்ஷன் இருக்குதான்னுதான் நான் யோசிச்சேனுங்க" என்றார் அம்மா. "அவங்க வரேன்னு சொல்லிட்டாங்க. இனிமே வேண்டாம்னு நீங்களே போய்ச் சொல்லிடுங்க."

பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி அதைச் சொல்ல பிரசிடென்ட் அங்கிளுக்குத் துணிச்சல் இருக்கவில்லை. விருந்தினர் உறுதியாகிவிட்டார். அவரை மேடையில் அறிமுகப்படுத்துவது யார் என்ற கேள்வி வந்தபோது, தமிழ்ப் பள்ளியில் மனப்பாடத்துக்குப் பேர் போன என்னைப் போட்டார்கள்.

அம்மா எழுதிக் கொடுத்ததை அடுப்படியிலும் காரிலும் ஒப்பித்துத் தயாரானேன். விழா ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில். வெளியே முழங்கால் வரை பனி. உள்ளே பட்டுப்புடவைகளும் கோட்டுகளும். மேடையில் பானைக்குப் பதிலாக மின்சாரக் குக்கருக்கு மஞ்சள் கட்டி வைத்திருந்தார்கள். தீ மூட்டினால் அலாரம் அடிக்கும். அவர் சாம்பல் நிறக் கோட்டில் முதல் வரிசையில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் அம்மா. அந்த வரிசையில் வேறு பல நாற்காலிகள் காலியாக இருந்தன.

நான் மைக்கைப் பிடித்து எழுதிக் கொடுத்ததை ஓர் எழுத்துப் பிசகாமல் சொன்னேன். கடலுக்கடியில் ஓடும் ஆறு, கப்பல், தலைமை விஞ்ஞானி, எல்லாம் வந்தது. கோப்பையை உயர்த்திக் காட்டினேன். கைதட்டல் கிடைத்தது. அதில் தலை கிறங்கி, எழுதாத ஒரு வரியை நானே சேர்த்தேன். "ஷீ இஸ் அவர் ஷிப் ஆன்ட்டி. ப்ளீஸ் வெல்கம் ஷிப் ஆன்ட்டி."

அரங்கம் சிரித்துக் கைதட்டியது. அவர் மேடைக்கு வந்தார். மைக்கைத் தன் உயரத்துக்கு ஏற்றினார். கைதட்டல் ஓயும்வரை காத்திருந்தார்.

"நன்றி. பேசுவதற்கு முன்னால் ஒரு திருத்தம்" என்றார். "நான் யாருக்கும் ஆன்ட்டி இல்லை. நான் டாக்டர்."

குரல் உயரவில்லை. முகத்தில் கோபமும் இல்லை. ஆனால் அரங்கத்தில் ஒரு குழந்தை கையிலிருந்த கிலுகிலுப்பைச் சத்தம் தனியாகக் கேட்டது. நான் மேடையின் ஓரத்தில் நின்றேன். இறங்குவதா, நிற்பதா என்று தெரியவில்லை. கண்ணில் நிறைந்தது கீழே விழாமல் இருக்க மேலே விளக்குகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் பேசிய பேச்சு பிரமாதமானது என்று இப்போது சொல்வேன். வடக்கே பனிக்கட்டியின் ஓரத்தில் குளிர்ந்து கனத்து மூழ்கும் தண்ணீர், அடித்தரையோடு ஊர்ந்து ஊர்ந்து ஆப்பிரிக்காவைத் தாண்டி, பல நூறு வருடங்கள் கழித்து இந்தியப் பெருங்கடலில் மேலே வருகிறது என்றார். உங்கள் ஊர்க் கரையில் இன்று ஒருவர் கால் நனைத்தால், அந்தத் தண்ணீரில் கொஞ்சம் சோழர்கள் ஆண்ட காலத்தில் கிளம்பியதாக இருக்கலாம் என்றார். சோழர்களை அம்மாவிடம் கேட்டு வைத்திருந்தார். 'சோலாஸ்' என்று உச்சரித்தார். ஆனால் கூட்டத்தின் காது 'ஆன்ட்டி இல்லை' என்ற இடத்திலேயே நின்றுவிட்டிருந்தது. பிரசிடென்ட் அங்கிள் பொன்னாடை போர்த்தினார். அவர் அதை ஒழுங்காக மடித்துக் கையில் தொங்கப் போட்டுக்கொண்டு, எல்லாரோடும் கை குலுக்கிவிட்டு, தன் காரை எடுத்துக்கொண்டு போனார்.

சாப்பாட்டு வரிசையில் ஆளாளுக்கு என் தலையைத் தடவினார்கள். நாலெட்ஜ் இருக்கு, ஆனா ரொம்ப ஆட்டிட்யூட் என்றார் ஒருவர். பிரசிடென்ட் அங்கிள் அப்பாவை ஓரமாகக் கூப்பிட்டு, தான் அப்போதே சொன்னதாகச் சொன்னார். அம்மா தட்டில் வாங்கிய சர்க்கரைப் பொங்கலைத் தொடவில்லை.

வீடு திரும்பும்போது காரில் அப்பா பொரிந்தார். "சின்னப் புள்ள பாசமாச் சொல்லுது. அதப் போய் மைக்குல அத்தன பேரு முன்னால திருத்தோணுமா? படிச்ச திமிரு."

"காரணம் இருக்குமுங்க" என்றார் அம்மா.

"என்ன காரணம்?"

"தெரியல. ஆனா அவங்க காரணமில்லாம ஒண்ணு சொல்லி நான் பாத்ததில்ல. நாளைக்கு நானே போய்க் கேக்கறேன்."

அப்பாவுக்கு இதில் விருப்பமில்லை. இனிமேல் அந்த வீட்டோடு பேச்சு வார்த்தை அளவாக இருக்கட்டும் என்றார். எனக்கு ஒரே ஓர் எண்ணம்தான்: அம்மாவுக்கு இந்த நாட்டில் இருந்த ஒரே சிநேகிதத்தை நான் ஒரு வரியில் உடைத்துவிட்டேன்.

அம்மா போய்க் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, நடைபாதைப் பனியைத் தள்ளிவிட்டு, அந்தப் பூட்ஸோடேயே அவர் எங்கள் வாசலுக்கு வந்து மணியை அழுத்தினார். அப்பா திறந்தார். உங்கள் மகளைப் பார்க்க வேண்டும் என்று அவர் சொன்னது மாடிப்படியில் உட்கார்ந்திருந்த எனக்குக் கேட்டது.

நான் இறங்கவில்லை. அவர் பூட்ஸைக் கழற்றிவிட்டு வந்து கீழ்ப்படிக்குப் பக்கத்தில் நின்றார். அப்படியும் அவர் முகம் என் முகத்துக்கு நேராக இருந்தது.

"நேற்று உன்னைத் திருத்தினேன். திருத்தியது சரி. எல்லார் முன்னாலும் திருத்தியது சரியில்லை. அதற்காக வந்தேன்" என்றார்.

பெரியவர்கள் மன்னிப்பே கேட்கமாட்டார்கள், கேட்டால் முழுதாகக் கேட்டுக் கன்னத்தைக் கிள்ளுவார்கள் என்றுதான் எனக்குத் தெரியும். இப்படிப் பாதியை வைத்துக்கொண்டு பாதியை மட்டும் தரலாம் என்பது புதிதாக இருந்தது.

"ஏன் என்னை ஆன்ட்டி என்று சொன்னாய்?"

"பிகாஸ் யூ ஆர் ஓல்ட்" என்றேன்.

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அம்மாவுக்குத்தான் முகம் சிவந்துவிட்டது. அவசரமாக விளக்கினார். எங்களில் பெரியவர்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது மரியாதை இல்லை. சொந்தமாக இருந்தால் முறை சொல்வோம், வெளியே இருந்தால் ஆன்ட்டி, அங்கிள். பிரசிடென்டின் மனைவியும் ஆன்ட்டிதான், கோயில் குருக்களின் மனைவியும் ஆன்ட்டிதான், பல் டாக்டரும் ஆன்ட்டிதான் என்றார்.

"அப்படியென்றால் அது உங்களிடம் உயர்வான சொல்லா?"

"எங்களிடம் இருப்பதிலேயே உயர்வானது அதுதான்" என்று அம்மா ஆங்கிலத்தில் சொன்னார்.

அவர் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். அம்மா காபி கொண்டுவந்து வைத்தார். அப்பா செய்தித்தாளை விரித்தபடி ஓரமாக நின்றுகொண்டிருந்தார். மரியாதைக்கு உட்காரவில்லை, கோபத்துக்கு வெளியேறவும் இல்லை.

தன் அம்மா பள்ளிக்கூட ஆசிரியை என்று அவர் சொன்னார். கணக்கு டீச்சர். ஊரில் கறுப்பினக் குழந்தைகள் எல்லாருக்கும் அவர்தான் கணக்குச் சொல்லிக் கொடுத்தார். கடைத்தெருவுக்குப் போனால் வெள்ளைக்காரப் பெண்கள் யாராக இருந்தாலும் கடைக்காரர்கள் மிஸஸ் இன்னார் என்று கூப்பிடுவார்கள். இவருடைய அம்மாவைப் போன்றவர்களுக்கு மிஸஸ் கிடையாது. அதைச் சொல்லிவிட்டால் சமமாக மதித்ததாகிவிடும். பெயர் சொல்வார்கள். கொஞ்சம் வயதாகிவிட்டால் ஆன்ட்டி. கல்லாவில் உட்கார்ந்திருந்தது கடைக்காரரின் பையன், இவரைவிடச் சின்னவன். 'ஆன்ட்டி, உனக்கு என்ன வேண்டும்?' என்று இவருடைய அம்மாவைக் கேட்பான்.

"அம்மா அந்தச் சொல்லுக்குத் திரும்பிப் பார்க்கமாட்டாள். அப்படியே நிற்பாள். அவன் வேறு எதையாவது சொல்லும்வரை நிற்பாள். சில நாள் மாவு வாங்காமலே வீட்டுக்கு வந்துவிடுவோம்" என்றார். "எனக்கு டாக்டர் பட்டம் கிடைத்த நாளிலிருந்து என் அம்மா என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. வீட்டுக்குள்ளேயும் டாக்டர்தான். டாக்டர், அந்த உப்பை எடு. டாக்டர், தலையைத் துவட்டு. சாகும்வரை அப்படித்தான்."

இதைச் சொல்லும்போது அவர் குரல் கொஞ்சம்கூட இறங்கவில்லை. அம்மாதான் புடவைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார்.

அப்பா செய்தித்தாளை மடித்து வைத்தார். உட்கார்ந்தார். தனக்கே உரிய கவனமான ஆங்கிலத்தில், அந்தப் பையனுக்குத் தான் செய்வது என்னவென்று தெரியுமா என்று கேட்டார்.

"எப்படித் தெரியும்? அவன் அப்பா அப்படிக் கூப்பிட்டார், அவனும் கூப்பிட்டான். கெட்ட பையன் என்றுகூடச் சொல்லமாட்டேன். ஆனால் என் அம்மா அவனுக்குத் திரும்பிப் பார்க்கவில்லை."

அப்பா அம்மாவைப் பார்த்துத் தமிழில் சொன்னார்.

"எங்க தோட்டத்துல தண்ணி கட்டுவாரே பெரியவரு. எங்க அப்பாவ விட மூத்தவரு. அஞ்சு வயசுல இருந்து நான் அவர வாடா போடான்னுதான் கூப்பிட்டேன். அவரு என்னைய சாமிம்பாரு."

"தெரியுமுங்க" என்றார் அம்மா. "கல்யாணமாகி வந்தப்ப என் காதாலயே கேட்டேன்."

என்ன பேசுகிறீர்கள் என்று டாக்டர் கேட்கவில்லை. காபியைக் குடித்துக்கொண்டு காத்திருந்தார். சொல்லு என்று அப்பா தலையசைத்தார். அம்மா ஆங்கிலத்தில் சொன்னார். டாக்டர் ஆறுதலாக ஏதாவது சொல்வார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அப்பாவைப் பார்த்து ஒன்றே ஒன்று கேட்டார்.

"அவர் இருக்கிறாரா?"

"இருக்கிறார்" என்றார் அப்பா.

டாக்டர் தலையை ஆட்டினார். காபியை முடித்துவிட்டு, அம்மாவிடம், புதன்கிழமை ஆய்வகத்துக்கு வந்து தன் எண்களைக் கொஞ்சம் பார்க்க முடியுமா, சம்பளம் தர உங்கள் விசா விடாது, ஆனால் பார்க்கக் கூடாது என்று எந்தச் சட்டமும் இல்லை என்றார். எனக்குக் கை கொடுத்தார். "பை, டாக்டர்" என்றேன். "பை" என்று சொல்லிவிட்டுப் பூட்ஸை மாட்டிக்கொண்டு போனார்.

அதன் பிறகு நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். அம்மா அந்தப் புதன்கிழமை போனார். அடுத்தடுத்த புதன்கிழமைகளிலும் போனார். க்ரீன் கார்டு வந்த வருடம் அந்த ஆய்வகத்திலேயே வேலைக்குச் சேர்ந்தார். ஒரு கோடையில் டாக்டரோடு கப்பலிலும் போனார். ஆழம் தெரியாத கொங்கு நாட்டுப் பெண் அட்லாண்டிக் நடுவில் நின்று கயிறு இறக்கினார். திரும்பி வந்து வழியெல்லாம் வாந்தி என்று பெருமையாகச் சொன்னார். டாக்டர் ஓய்வு பெற்ற அன்று ஆய்வகத்தில் பலர் பேசினார்கள். எல்லாரும் அவரை முதல் பெண், முதல் கறுப்பினத்தவர் என்றார்கள். அம்மா பேசும்போது, கருவியில் கோளாறு இல்லை என்று சொன்னவர் என்றார். டாக்டர் எழுந்து நின்றது அதற்கு மட்டும்தான்.

ஆனால் என் நினைவு திரும்பத் திரும்பப் போவது அந்த ஞாயிற்றுக்கிழமைக்குத்தான். அவர் போனபின் அப்பா ஃபோன் கார்டை எடுத்துக்கொண்டு சமையலறைச் சுவரில் இருந்த ஃபோனுக்குப் போனார். ஞாயிறு காலையில் ஊரில் இருக்கும் பெரியப்பாவோடு பேசுவது வழக்கம்தான். அங்கே அப்போது முன்னிரவு. நான் கூடத்தில் டிவி முன்னால் உட்கார்ந்திருந்தேன். வழக்கமாக மழை, மாடு, யாருக்குக் கல்யாணம் என்று போகும் பேச்சு அன்று வேறாக இருந்தது.

"அண்ணா, அந்தப் பெரியவரு இருக்காரா? ... கொஞ்சம் கூட்டியாரச் சொல்லுங்க. நான் பேசோணும். ... இல்லீங்கண்ணா, வேலை ஒண்ணுமில்ல, சும்மாதான்."

கொஞ்ச நேரம் கழித்து மறுபடி கூப்பிட்டார்.

"வந்துட்டாரா? ... வாசல்ல எதுக்கு நிக்கறாரு? ஃபோன் உள்ளதானே இருக்குது. ... உள்ளதாண்ணா. உள்ள வரச் சொல்லுங்க. உக்காந்து பேசட்டும். ... அண்ணிகிட்ட நான் சொல்லிக்கறேன்."

ஃபோன் வீட்டுக்குள் இருந்தால் வீட்டுக்குள் வந்துதானே பேச முடியும், இதற்கு இவ்வளவு பேச்சா என்று எனக்கு அலுப்பாக இருந்தது. அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்த அம்மா கையை நிறுத்திவிட்டார். அப்பா வழக்கமாக ஸ்டூலில் உட்கார்ந்து பேசுவார். அன்று எழுந்து நின்றார்.

"ஐயா, வணக்கமுங்க. நல்லா இருக்கீங்களா?"

அந்தப் பக்கம் என்ன பதில் வந்தது என்று கேட்கவில்லை. அப்பா காத்திருந்தார்.

"அண்ணா, உங்களைக் கூப்பிடலீங்க. ஃபோனை அவருகிட்டயே குடுங்க. ... ஐயா? ஐயா, நாந்தானுங்க. ... இல்லீங்க, உங்களைத்தான். ... உங்களைத்தானுங்க ஐயா."

அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார். பிறகு இன்னும் சத்தமாக. இந்தியாவுக்குப் பேசும்போது லைன் எப்போதும் அப்படித்தான். அன்றைக்கும் அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்து, நான் டிவியின் சத்தத்தைக் குறைத்தேன்.